அருங்காட்சியகம், நூலகம், ஆவணக்காப்பகம் ஆகியவற்றில் நிகழும் கற்றலை அளவிடுதல்

அருங்காட்சியகம், நூலகம், ஆவணக்காப்பகம் ஆகிய இடங்களுக்கு வந்து செல்பவர்கள் அங்கே என்ன கற்றுக்கொண்டார்கள், அந்தக் கற்றல் அவர்களிடம் என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்பதைக் கண்டறியும் முயற்சி கற்றல் தாக்க மதிப்பீடு எனப்படும். அருங்காட்சியகவியல், நூலகவியல், ஆவணவியல், கல்வியியல் ஆகிய துறைகள் சந்திக்கும் இடத்தில் இது அமைந்துள்ளது. இத்துறையில் அதிகம் பேசப்படும் சட்டகம் பிரித்தானியாவில் 2004-இல் வெளியிடப்பட்ட 'அனைவருக்கும் ஊக்கமூட்டும் கற்றல்' என்பதும், அதன் உள்ளீடான 'பொதுக் கற்றல் விளைவுகள்' என்னும் ஐந்து வகைப்பாடுமாகும்.

இந்த நிறுவனங்கள் நெடுங்காலமாகத் தங்கள் பணியை எண்ணிக்கையாகவே காட்டி வந்துள்ளன. அருங்காட்சியகம் விற்ற நுழைவுச்சீட்டுகளையும், நூலகம் இரவல் கொடுத்த நூல்களையும், ஆவணக்காப்பகம் எடுத்துக்கொடுத்த கோப்புகளையும் எண்ணும். ஆண்டறிக்கைக்கு இவை போதும். ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கியவர் உள்ளே எதைப் பார்த்தார் என்றோ, இரவல் போன நூல் படிக்கப்பட்டதா என்றோ அந்த எண்கள் சொல்வதில்லை. மழைக்கு ஒதுங்கியவரும் அருங்காட்சியகக் கணக்கில் ஒரு வருகைதான்.

பள்ளிக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு

பள்ளியில் கற்றலை அளப்பதற்கு வழக்கமான வழி தேர்வு. அதற்குச் சில முன்நிபந்தனைகள் உண்டு. பாடத்திட்டம் ஒன்று இருக்க வேண்டும். மாணவருக்கு முன்பே என்ன தெரியும் என்பது ஓரளவாவது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இவற்றுள் எதுவும் கிடையாது. ஒரே கூடத்தில் நிற்கும் நாணயச் சேகரிப்பாளரும், பேத்தியுடன் வந்த பாட்டியும், வீட்டுப்பாடத்துக்காக வந்த சிறுவனும் ஒரே பேழையைப் பார்க்கிறார்கள். மூவருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தால் சேகரிப்பாளருக்கு நூற்றுக்கு நூறு கிடைக்கும். ஆனால் அன்று புதிதாக எதையும் கற்காதவர் அவராகவே இருக்கலாம்.

இன்னொரு சிக்கல் காலம் பற்றியது. பதினொரு வயதில் பார்த்த ஒரு தொல்லுயிர் எச்சம் முப்பது வயதில் ஒரு நூலைப் படிக்கும்போது பொருள் பெறலாம். வாயிலில் நிற்கும் கணக்கெடுப்பாளரால் அதைப் பிடிக்க முடியாது. அருங்காட்சியகக் கற்றல் குறித்து விரிவாக எழுதிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் ஃபால்க், லின் டியர்கிங் ஆகியோர் 1992-இலும் 2000-இலும் வெளிவந்த தம் நூல்களில் இதனை வலியுறுத்தினர். அவர்களது கருத்துப்படி, வருபவரின் முன்னறிவும் ஆர்வமும் ஒரு பக்கம், உடன் வந்தவர்கள் இன்னொரு பக்கம், கட்டடமும் காட்சியமைப்பும் மூன்றாவது பக்கம் என மூன்று சூழல்களும் சேர்ந்தே அங்கு கற்றல் உருவாகிறது. அதில் காலமும் நான்காவதாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழில் இந்த மூன்று இடங்களுக்கும் வருபவரை மூன்று பெயர்களால் அழைக்கிறோம். அருங்காட்சியகத்துக்கு வருபவர் பார்வையாளர், நூலகத்துக்கு வருபவர் வாசகர், ஆவணக்காப்பகத்துக்கு வருபவர் ஆய்வாளர். மூவரும் முறையே பார்க்கவும் படிக்கவும் தேடவும் வருகிறார்கள். கற்பவர் என்ற பெயர் ஒருவருக்கும் இல்லை. ஆங்கிலத்திலும் இந்நிலைதான். மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முயன்றவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை, அங்கு வருபவர் எல்லோரையும் கற்பவராகப் பார்க்கப் பழகுவதே.

கால்களையும் கண்களையும் அளந்த காலம்

இத்துறையின் தொடக்க ஆய்வுகள் மனத்துக்குள் போகவில்லை. லிவர்பூல் அருங்காட்சியகத்துடன் தொடர்புடைய ஹென்றி ஹிக்கின்ஸ் 1884-இல் பார்வையாளர்களை மாணவர், கவனிப்போர், சும்மா உலாவுவோர் என்று பிரித்துப் பார்த்தார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் 'அருங்காட்சியக அயர்ச்சி' பற்றி எழுதினார். காட்சிப் பொருள்கள் குறித்த எளிய கேள்விகளை ஒருவரிடம் கொடுத்து, விடை காண அவர் குனிவதையும் வளைவதையும் எட்டிப் பார்ப்பதையும் கில்மன் ஒளிப்படங்களாக எடுத்தார். பார்வையாளர் கற்காமல் போவதற்கு அவரது சோம்பல் காரணமல்ல, முழங்கால் உயரத்தில் வைக்கப்பட்ட பேழையே காரணம் என்பதை அப்படங்கள் காட்டின. இன்றும் பல கூடங்களில் விளக்க அட்டையைப் படிக்க அதே போல் வளைய வேண்டியிருக்கிறது.

அடுத்து வந்த ஏல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சன் 1928-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுத்துக் கடிகாரம் நுழைந்தது. பார்வையாளருக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து, எந்த ஓவியத்தின் முன் எத்தனை நொடி நிற்கிறார் என்று குறித்தார்கள். அவரது வழியில் ஆர்தர் மெல்டன் 1930-களில் செய்த ஆய்வுகள், கூடத்துக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புவதையும், வழியில் ஒரு வெளியேறும் வாயில் தென்பட்டால் மீதியைப் பார்க்காமலேயே அதன் வழியாகப் போய்விடுவதையும் பதிவு செய்தன.

பின்தொடர்ந்து நேரம் குறிக்கும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. அமெரிக்காவின் பெவர்லி செரல் 108 கண்காட்சிகளில் திரட்டிய தரவுகளை 1998-இல் தொகுத்து வெளியிட்டார். கூடத்தின் பரப்பளவைச் சராசரி நேரத்தால் வகுத்து ஒரு வேகக் குறியீட்டையும், காட்சிக்கூறுகளில் பாதிக்கு மேல் நின்று பார்த்தவர்களின் விழுக்காட்டையும் அவர் அளவுகளாக்கினார். பெரும்பாலான கண்காட்சிகளில் மக்கள் 20 நிமிடத்துக்கும் குறைவாகவே செலவிடுகிறார்கள் என்ற அவரது கண்டுபிடிப்பு, ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு கண்காட்சியை உருவாக்கும் காப்பாட்சியர்களுக்குக் கசப்பானது. நேரம் கற்றலுக்கு அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நின்றார் என்பதிலிருந்து கற்றார் என்று முடிவு கட்ட முடியாது. கால்வலியாலும் ஒருவர் நிற்பார்.

மனத்தை வரைதல்

முன்தேர்வு, பின்தேர்வு என்று பள்ளி முறையை அப்படியே கொண்டுவந்தவர்களும் உண்டு. அதன் குறைபாட்டைத் தவிர்க்க ஃபால்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் தன்பொருள் வரைபடம் என்னும் முறையை உருவாக்கினர். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மணிக்கற்கள், கனிமங்கள் கூடத்தில் இதைப் பயன்படுத்திச் செய்த ஆய்வு 1998-இல் வெளியானது.

முறை எளிது. உள்ளே போகுமுன் ஒரு தாளைக் கொடுப்பார்கள். நடுவில் ஒரே ஒரு சொல்தொடர் இருக்கும். அதைப் பார்த்ததும் மனத்தில் தோன்றும் சொற்கள், கருத்துகள், படங்கள் எல்லாவற்றையும் சுற்றிலும் எழுதச் சொல்வார்கள். பிறகு அவர் எழுதியதை வைத்தே அவருடன் உரையாடி விளக்கம் கேட்பார்கள். கூடத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் அதே தாளை வேறு நிற மையால் திருத்தவும் கூட்டவும் சொல்வார்கள். இரண்டு நிறங்களுக்கும் இடையிலான வேறுபாடுதான் அளவு. எத்தனை சொற்கள் கூடின, எத்தனை புதிய கருத்துவகைகள் வந்தன, ஒவ்வொன்றையும் எவ்வளவு ஆழமாக விளக்குகிறார், மொத்தத்தில் அவரது புரிதல் எவ்வளவு தேர்ந்தது என நான்கு நிலைகளில் மதிப்பிடுவார்கள்.

இங்கே ஒருவர் தம்முடைய பழைய நிலையுடன்தான் ஒப்பிடப்படுகிறார். அடுத்தவருடன் ஒப்பிடப்படுவதில்லை. நாணயச் சேகரிப்பாளருக்கும் பேத்தியுடன் வந்த பாட்டிக்கும் இது பொருந்தும். ஒருவர் எந்த நோக்கத்தோடு வந்தார் என்பது அவர் எதை எவ்வளவு கற்றார் என்பதைப் பாதித்ததையும் அந்த ஆய்வு கண்டது. பொழுதுபோக்குக்காக வருவதும் கற்க வருவதும் ஒன்றையொன்று விலக்கும் நோக்கங்கள் அல்ல; பலரிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன. முறையின் குறை உழைப்பு. ஒவ்வொருவருக்கும் இரு முறை நேர்காணல் வேண்டும். சிறிய நிறுவனம் ஒன்றால் சில பத்துப் பேருக்கு மேல் செய்ய இயலாது.

பொதுக் கற்றல் விளைவுகள்

பிரித்தானியாவில் 2000-இல் அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக்காப்பகங்கள் மூன்றுக்கும் பொதுவாக ஓர் அரசு சார் மன்றம் அமைந்தது. மூன்று துறைகளும் கல்விக்குப் பங்களிக்கின்றன என்று அது அரசிடம் சொல்லவேண்டியிருந்தது. சான்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் வருகைக் கணக்கு மட்டுமே இருந்தது. எனவே லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியக, கலைக்கூட ஆய்வு மையத்திடம் கற்றல் தாக்க ஆய்வுத் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. 2001 முதல் 2003 வரை நடந்த இத்திட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் பேராசிரியர் ஐலீன் ஹூப்பர்-கிரீன்ஹில்.

அவர் தொடங்கிய இடம் முக்கியமானது. வருபவருக்கு முன்பே என்ன தெரியும் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. எனவே அவர் எவ்வளவு முன்னேறினார் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதியும் அதற்கு இல்லை. அப்படியானால் கற்றவரையே கேட்க வேண்டும். அவர் தம் சொற்களில் சொல்வதைச் சில பொதுவான தலைப்புகளின் கீழ் வகைப்படுத்தினால், ஆயிரம் பேரின் ஆயிரம் தனித்தனி அனுபவங்களையும் ஒன்றாகக் கூட்டிப் பேச முடியும். அத்தலைப்புகள் ஐந்து: அறிவும் புரிதலும், திறன்கள், மனப்பான்மையும் விழுமியங்களும், மகிழ்ச்சி, உள்ளூக்கம், படைப்பாற்றல், செயல், நடத்தை, முன்னேற்றம். நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு கற்பனைக் கூற்றை எடுத்துக்கொள்வோம். ரோமானியர் காலத்துக் குழந்தையின் தோல் செருப்பொன்றைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தாய் இவ்வாறு சொல்கிறார்:

"ஈர மண்ணில் புதைந்தால் தோல் கெடாமல் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சின்னச் செருப்பைப் பார்த்ததும் என் மகனின் செருப்புதான் நினைவுக்கு வந்தது. ரோமானியர் என்றால் படைவீரர்கள் என்றே நினைத்திருந்தேன். அவன் இப்போது வீட்டில் அட்டையால் செருப்பு செய்து பார்க்க வேண்டும் என்கிறான்."

முதல் வாக்கியம் அறிவு. இரண்டாவது, பழங்கால மக்களைத் தன்னைப் போன்றவர்களாக உணர்வது. அது மனப்பான்மையின் கீழ் வரும். மூன்றாவது வாக்கியம் புரிதலில் ஏற்பட்ட திருத்தம். சிலர் அதை மனப்பான்மையிலும் சேர்ப்பார்கள். நான்காவது மகனின் உள்ளூக்கம், கூடவே செய்ய எண்ணும் செயல். நான்கு வாக்கியங்களில் ஐந்து வகைகளில் நான்கு வந்துவிட்டன. தேர்வுத்தாள் ஒன்று இருந்திருந்தால் முதல் வாக்கியத்துக்கு மட்டும் மதிப்பெண் விழுந்திருக்கும்.

எந்த வாக்கியம் எந்தத் தலைப்பில் சேரும் என்பதில் கருத்து வேறுபாடு வருவது இயல்பு. அதனால் குறைந்தது இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வகைகள் ஒன்றன்மேல் ஒன்று படிநிலையாக அமைந்தவை அல்ல. அறிவு மேலானது, மகிழ்ச்சி கீழானது என்ற வரிசை இதில் கிடையாது. மகிழ்ச்சியை ஒரு கற்றல் விளைவாகவே ஏற்றுக்கொண்டது அந்நாளில் சிலருக்கு நெருடலாக இருந்தது. ஆனால் பயன்படுத்திப் பார்த்த ஆசிரியர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்.

மாணவர்களிடம் கேட்டபோது

இச்சட்டகம் பேரளவில் முதன்முதலாகப் பயன்பட்டது 2003-இல். இங்கிலாந்தின் வட்டார அருங்காட்சியகங்களுக்கு நிதியளித்த மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், பள்ளி மாணவர்கள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் வருகையின் முடிவிலேயே ஒரு பக்கப் படிவம் கொடுக்கப்பட்டது. 2005-இல் ஆய்வு மீண்டும் நடந்தது. பதினொரு வயது வரையான சிறுவர்களுக்கு ஒரு படிவம், அதற்கு மேற்பட்டோருக்கு வேறொன்று. ஆம், இல்லை, தெரியாது என்று குறிக்கும் சில கூற்றுகளும், தங்களை வியக்கவைத்ததை எழுதவோ வரையவோ ஓர் இடமும் அதில் இருந்தன. ஆசிரியர்களுக்குத் தனி வினாப்படிவம் தரப்பட்டது.

ஐந்து விளைவுகளில் எது முக்கியம் என்று கேட்டதற்கு, ஆசிரியர்கள் மகிழ்ச்சி, உள்ளூக்கம், படைப்பாற்றலையே முன்னால் வைத்தார்கள். பாடத்திட்டத்துக்கு அடுத்து அதையெல்லாம் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது செய்தி. மகிழ்ச்சி மற்ற நான்குக்கும் வாசல் என்று அவர்கள் கருதினார்கள்.

எதிர்பாராத இன்னொரு பயன் அஞ்சல் குறியீட்டிலிருந்து வந்தது. வந்த பள்ளிகளின் முகவரிகளை நாட்டின் வறுமைக் குறியீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டபோது, மிகவும் பின்தங்கிய பகுதிகளிலிருந்து வந்த பள்ளிகளின் பங்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. அருங்காட்சியகம் வசதியானவர்களின் இடம் என்ற பொதுக்கருத்து குடும்ப வருகைகளைப் பொறுத்தவரை சரியாக இருக்கலாம். பள்ளிப் பேருந்தில் வரும் குழந்தைகளின் கணக்கு வேறாக இருந்தது. யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் படிவத்தின் மூலையில் இருந்த முகவரி பதில் சொன்னது.

சட்டகத்தின் மீதான ஐயங்கள்

பொதுக் கற்றல் விளைவுகள் சட்டகம் பரவலாக ஏற்கப்பட்டது. ஆனால் அதன் அடிப்படையிலேயே சில ஓட்டைகள் உள்ளன.

முதலாவது, கற்றார் என்பதற்கும் கற்றதாகச் சொன்னார் என்பதற்கும் உள்ள இடைவெளி. இலவசமாக ஒரு நாளைக் கழித்த மாணவரிடம், வழிகாட்டி அருகில் நிற்கும்போது "புதிதாக ஏதாவது கற்றாயா?" என்று கேட்டால் ஆம் என்பதே மரியாதை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சாப்பாடு எப்படி என்று கேட்பது போன்றது அது. வருகை முடிந்த அந்த நிமிடத்தில் கேட்பதால், அடுத்த மாதம் எது எஞ்சும் என்பதும் தெரிவதில்லை.

இரண்டாவது, ஐந்து வலைகளும் மிக அகலமானவை. ஏறக்குறைய எந்தக் கூற்றும் ஏதாவது ஒன்றில் சிக்கிவிடும். எதிர்மறை மனப்பான்மைக்கும் சட்டகத்தின் பட்டியலில் இடம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயினும் அறிக்கைகள் எழுதப்படும்போது சலிப்பும் தவறான புரிதலும் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஒரு கண்காட்சியைப் பார்த்துத் தவறான கருத்துடன் வெளியேறுபவரும் தம் அறிவு வளர்ந்ததாகவே சொல்வார். அவர் சொல்வது சரியா என்று சரிபார்க்கும் படி சட்டகத்தில் இல்லை.

மூன்றாவது, ஒப்பிட யாரும் இல்லை. அருங்காட்சியகத்துக்குப் போகாமல் வகுப்பறையிலேயே இருந்த மாணவர்கள் அன்று என்ன கற்றார்கள்? அந்தக் கணக்கு இல்லாமல், மாற்றம் வருகையால்தான் ஏற்பட்டது என்று சொல்வது கடினம்.

இவை சட்டகத்தைத் தள்ளிவிடுவதற்கான காரணங்கள் அல்ல. பார்வையாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்கும், எதைக் கேட்பது என்று ஊழியர்கள் சேர்ந்து யோசிப்பதற்கும் அது நல்ல கருவி. எது கிடைத்தது என்பதை அது விவரிக்கும். எவ்வளவு கிடைத்தது, எதனால் கிடைத்தது என்பவற்றை நிறுவ அதனிடம் கேட்கக் கூடாது.

குலுக்கல் சீட்டு நடத்திய ஆய்வு

மூன்றாவது ஐயத்துக்கு விடை அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து வந்தது. பென்டன்வில் என்னும் சிறு நகரில் 2011 நவம்பரில் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு முன் அப்பகுதியில் பெரிய கலை அருங்காட்சியகம் இருந்ததில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கான செலவை அருங்காட்சியகமே ஏற்றதால் விண்ணப்பங்கள் குவிந்தன. 525 பள்ளிக் குழுக்கள், 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்காக இடம் கேட்டன. எல்லோரையும் உடனே அழைக்க முடியாது.

ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் ஆகியோர் இந்த நெருக்கடியை ஆய்வுக்கான வாய்ப்பாக மாற்றினார்கள். வகுப்பு நிலையிலும் சமூகப் பின்னணியிலும் ஒத்த குழுக்களை இணைசேர்த்து, குலுக்கல் முறையில் ஒன்று இப்போது போகட்டும், மற்றது அடுத்த பருவத்தில் போகட்டும் என்று முடிவு செய்தார்கள். யாருக்கும் வாய்ப்பு மறுக்கப்படவில்லை. காத்திருந்தவர்களே கட்டுப்பாட்டுக் குழுவானார்கள். இவ்வாறு 123 பள்ளிகளின் 10,912 மாணவர்களும் 489 ஆசிரியர்களும் ஆய்வில் இடம்பெற்றனர். சுற்றுலா முடிந்து சராசரியாக மூன்று வாரங்கள் கழித்தே வினாக்கள் கேட்கப்பட்டன. முடிவுகள் 2013-இல் வெளிவந்தன.

மாணவர்கள் பார்த்தது ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஐந்து ஓவியங்களை மட்டுமே. ஈஸ்ட்மன் ஜான்சனின் ஓவியம் ஒன்றில் சிலர் மேப்பிள் பாகு காய்ச்சும் முகாம் இருக்கிறது. அடிமை உழைப்பால் விளைந்த சர்க்கரையைப் புறக்கணிக்க அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் செய்த வேலை அது. அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் வாரங்கள் கழித்தும் இந்தப் பின்னணியை நினைவில் வைத்திருந்தனர். நார்மன் ராக்வெல் வரைந்த 'ரோசி' ஓவியம் போர்க்காலத்தில் பெண்கள் தொழிற்சாலைப் பணிக்கு வந்ததன் முக்கியத்துவத்தைச் சொல்வது என்பதை 82 விழுக்காட்டினர் நினைவுகூர்ந்தனர். தேர்வு உண்டு என்று யாரும் இவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

தகவல் நினைவோடு ஆய்வு நிற்கவில்லை. மாணவர்கள் முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைக் காட்டி, அதில் என்ன நடக்கிறது, ஏன் அப்படி நினைக்கிறாய் என்று எழுதச் சொன்னார்கள். எழுதியவர் எந்தக் குழு என்று தெரியாதவர்களே கட்டுரைகளை மதிப்பிட்டார்கள். போய்வந்தவர்களின் மதிப்பெண் திட்ட விலக்கத்தில் 9 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது பெரிதல்ல. ஆனால் கிராமப்புறப் பள்ளி மாணவர்களிடம் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது. அரை நாள் சுற்றுலா ஒன்றுக்கு இது கவனிக்கத்தக்க அளவு. வறுமைப் பின்னணி மாணவர்களுக்கும் பயன் கூடுதலாக இருந்தது. கடந்த கால மக்களின் நிலையை உணர்ந்து பார்ப்பதிலும், மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்வதிலும் வேறுபாடு தென்பட்டது.

இந்த ஆய்வின் மிகச் சாமர்த்தியமான பகுதி ஒரு கூப்பன். "மறுபடியும் அருங்காட்சியகத்துக்குப் போவாயா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே இரு குழு மாணவர்களுக்கும் குடும்பத்தோடு ஒரு சிறப்புக் கண்காட்சியை இலவசமாகப் பார்க்கக் கூப்பன் கொடுத்தார்கள். எந்தக் குழுவுக்குக் கொடுத்தது என்று தெரியும்படி அதில் ஒரு குறி இருந்தது. பிறகு வாயிலில் வந்து சேர்ந்த கூப்பன்களை எண்ணினார்கள். ஏற்கனவே போய்வந்த மாணவர்களின் கூப்பன்கள் திரும்பிவர 18 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு இருந்தது. பொதுக் கற்றல் விளைவுகளில் ஐந்தாவதான 'செயல், நடத்தை, முன்னேற்றம்' என்பதை, யாரிடமும் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் அளந்த முறை இது.

ஆயினும் இது ஒரே ஓர் அருங்காட்சியகம். கலைக்கூடம் இல்லாத வட்டாரத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட ஒன்று. பாரிசிலோ லண்டனிலோ வளரும் குழந்தைக்கு அதே ஒரு மணி நேரம் அதே அளவு தருமா என்பதற்கு இந்த எண்கள் விடையாகா.

நூலகத்திலும் ஆவணக்காப்பகத்திலும்

நூலகத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. கற்றல் அங்கே நடப்பதில்லை. நூலோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. பார்பரா ஹெய்ன்ஸ் 1978-இல் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு வழி காட்டியது. அட்லாண்டா நகர மாணவர்களின் கற்றலைப் பள்ளி நடக்கும் மாதங்களிலும் கோடை விடுமுறையிலும் தனித்தனியே அளந்தார். விடுமுறையில் வாசிப்பு மற்ற எல்லாச் செயல்களையும்விட வலுவாகக் கற்றலோடு தொடர்புகொண்டிருந்தது. அந்த வாசிப்புக்குப் பொது நூலகம் ஒரு முக்கிய வழியாக இருந்தது. பள்ளி மூடியிருந்த காலத்தை எடுத்துக்கொண்டதால் பள்ளியின் பங்கு தானாகவே விலகிவிட்டது. எனினும், நூலகத்துக்குப் போகும் பழக்கமுள்ள குழந்தையின் வீட்டிலும் வேறு சாதகங்கள் இருக்கலாம் என்ற கேள்வி முழுமையாகத் தீர்வதில்லை.

நூலகத் தாக்கத்தை மதிப்பிடுவதற்கென்றே 16439 என்ற எண்ணில் ஒரு பன்னாட்டுத் தர ஆவணம் 2014-இல் வெளிவந்தது. ஏற்கனவே உள்ள புள்ளிவிவரங்களிலிருந்து உய்த்துணர்வது, பயனரிடம் கேட்டுப் பெறுவது, நேரில் கவனித்துப் பெறுவது என்று சான்றுகளை அது மூன்றாகப் பிரிக்கிறது. எந்த ஒன்றையும் தனியே நம்பாமல் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்வது நடைமுறைக்கு உகந்த அறிவுரை.

ஆவணக்காப்பகத்தைப் பற்றிய ஆய்வு மூன்றிலும் குறைவு. அங்கே போகிறவர் முதல் நாள் பெரும்பாலும் எதையும் படிப்பதில்லை. பட்டியலை எப்படித் தேடுவது, எந்தத் துறையின் ஆவணம் எந்தத் தொகுதியில் இருக்கும், பழைய கையெழுத்தை எப்படி வாசிப்பது என்று தடுமாறியே அந்த நாள் போய்விடும். அமெரிக்காவின் எலிசபெத் யேக்கல், டெபோரா டோரெஸ் ஆகியோர் 2003-இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். பொருள் பற்றிய அறிவு ஒன்று. ஒரு மூல ஆவணத்தைச் சான்றாக வாசித்து மதிப்பிடும் திறன் இன்னொன்று. காப்பகம் எப்படி இயங்குகிறது, அதில் எப்படித் தேடுவது என்ற காப்பக நுண்ணறிவு மூன்றாவது. தம் தாத்தாவின் பெயரைத் தேடி வந்து, கிடைக்காமல் திரும்பும் ஒருவர் மூன்றாவது வகையில் நிறையவே கற்றிருக்கக்கூடும். மனநிறைவு பற்றிய படிவம் அவரை ஏமாற்றமடைந்தவர் என்று மட்டுமே பதிவு செய்யும்.

அளந்தது யாருக்காக

2004-இல் வெளியான பிரித்தானியச் சட்டகம் நிறுவனங்கள் தங்களைத் திருத்திக்கொள்ள உதவும் கருவியாகவும், அரசிடம் காட்டும் சான்றாகவும் ஒரே நேரத்தில் வடிவமைக்கப்பட்டது. இந்த இரண்டும் ஒரே திசையில் இழுப்பதில்லை. திருத்திக்கொள்ள வேண்டுமானால் எந்தக் கூடத்தில் குழந்தைகள் குழம்பினார்கள் என்பது தெரிய வேண்டும். நிதி கேட்கும் அறிக்கையில் அந்த வரி இடம்பெறாது. இரண்டுக்கும் ஒரே படிவத்தைப் பயன்படுத்தினால், காலப்போக்கில் இரண்டாவது நோக்கம் முதலாவதை விழுங்கிவிடுகிறது. சமூகப் பயன்களைக் காட்டுவதற்கென்று பின்னர் 'பொதுச் சமூக விளைவுகள்' என்ற துணைச் சட்டகமும் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பான சமூகம், பொதுவாழ்வு, உடல்நலம் என்று அதன் தலைப்புகள் அரசுக் கொள்கையின் மொழியிலேயே அமைந்தன.

2010 ஜூலையில் புதிய அரசு செலவுக் குறைப்பின் பகுதியாக அந்த மன்றத்தையே கலைக்கப்போவதாக அறிவித்தது. கற்றலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் திரட்டிய சான்றுகள் அந்த முடிவை மாற்றவில்லை. 2011 அக்டோபரில் அருங்காட்சியக, நூலகப் பணிகள் இங்கிலாந்துக் கலை மன்றத்துக்கு மாறின. ஆவணக்காப்பகப் பணி தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போனது. 2012-இல் மன்றம் மூடப்பட்டது. ஐந்து விளைவுகளின் சட்டகத்தைக் கலை மன்றம் எடுத்து வைத்துக்கொண்டது. சிறிய வட்டார அருங்காட்சியகங்கள் பலவற்றில், கண்காட்சி தொடங்குமுன் எதைப் பார்வையாளரிடம் கேட்பது என்று ஊழியர்கள் திட்டமிட அது இன்னும் பயன்படுகிறது.